ட்ராக் ஓட்ட மலிவான பழைய கார் தேடுகிறீர்களா? ரூ.2,35,000 பறிகொடுத்தவன் எழுதுகிறேன்

ரூ.2,35,000. தொகையை முதலிலேயே எழுதிவிடுகிறேன். என் கையில் இருந்தவரை அது சீட்டு எடுத்த பணம். இப்போது அது ஒரு கடைக்காரரின் கணக்கில் இருக்கிறது. எனக்கு மிஞ்சியது, தார்ப்பாய் போர்த்தி நிறுத்தியிருக்கும் ஒரு ஸ்விஃப்ட். அதன் கதவைத் திறந்தால் சாக்கடை வாடை வருகிறது.

பந்தய ட்ராக்கில் ஓட்டுவதற்குக் குறைந்த செலவில் பழைய கார் எப்படி வாங்குவது என்று விரிவாக எழுதுவதாகச் சிலரிடம் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஆற அமர அறிவுரை சொல்லும் நிலையில் இன்று நான் இல்லை. வயிறு எரிகிறது. நடந்ததைச் சொல்கிறேன், அறிவுரைக்கு இடம் மிஞ்சினால் பார்க்கலாம்.

எந்தக் கார் என்பதில் எனக்குக் குழப்பமே இருக்கவில்லை. 2005இல் வந்த முதல் தலைமுறை ஸ்விஃப்ட், 1.3 லிட்டர் பெட்ரோல். 2010இல் அந்த எஞ்சினை நிறுத்திவிட்டு 1.2 லிட்டருக்கு மாறினார்கள். பழைய 1.3 எஞ்சின் எஸ்டீமிலும் ஜிப்ஸியிலும் இருந்த அதே குடும்பம். நம் ஊர் ஃபார்முலா எல்ஜிபி பந்தயக் கார்களிலும் ஸ்விஃப்ட் எஞ்சின்தான் ஓடுகிறது. 87 குதிரைத்திறன் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வண்டியின் எடை ஏறக்குறைய ஒரு டன்தான். எடை குறைந்தால் பிரேக் தாங்கும், டயர் தாங்கும், நம் பர்ஸும் தாங்கும். உதிரி பாகம் எந்தத் தெருமுனைக் கடையிலும் கிடைக்கும். ஹோண்டா சிட்டி விடெக் மீது எனக்கும் ஆசைதான், ஆனால் அதற்கு ஒரு பாகம் தேடி ஊர் ஊராக அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். போலோ ஜிடி டிஎஸ்ஐயின் கியர்பாக்ஸ் ஒருமுறை மக்கர் செய்தால் அந்தச் செலவில் இன்னொரு ஸ்விஃப்ட் வாங்கிவிடலாம். ஆக, காரைத் தேர்ந்தெடுத்ததில் கோளாறு இல்லை. கோளாறு எல்லாம் விற்றவரிடம்.

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. வக்கீல் வேண்டாம் என்கிறார். சென்னைப் புறநகரில், பழைய கார்களில் 'ஓட்டுவதில் ஆர்வம் உள்ளவர்களுக்கான' வண்டிகளை மட்டும் விற்பதாகச் சமூக வலைத்தளங்களில் படம் போட்டு விளம்பரம் செய்யும் கடை. அவ்வளவு போதும். படங்கள் பளபளப்பாக இருக்கும். ஒவ்வொரு வண்டிக்கும் கீழே 'முழுமையாகப் பரிசோதிக்கப்பட்டது' என்று எழுதியிருக்கும்.

போன அன்று கடைக்காரர் வண்டியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தைப் பற்றிப் பேசினார். 1990இல் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை ட்ராக் வந்த பிறகு எல்லாம் எப்படி மாறியது என்றார். மேசைக்குப் பின்னால் கீறல் விழுந்த ஒரு பழைய ஹெல்மெட் மாட்டியிருந்தது. காபி வந்தது. "தம்பி, ட்ராக்குக்கு என்று சொல்லிவிட்டீர்கள். அதனால் கண்ட வண்டியைத் தர மாட்டேன். நாளைக்கு நீங்கள் வளைவில் நிற்கும்போது என் பெயர்தான் கெடும்" என்றார்.

அப்புறம் செய்தார் பாருங்கள், அதைத்தான் நான் இன்றுவரை மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பானெட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, என் கையைப் பிடித்து எஞ்சின் மேல் வைத்தார். "அதிர்கிறதா? எஞ்சினைத் தாங்கும் இடது பக்க மவுண்டிங் போய்விட்டது. நான் சொல்லாவிட்டால் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் மறைத்து விற்பது என் பழக்கம் இல்லை. 5,000 குறைத்துக்கொள்ளுங்கள்." 2,40,000 என்ற விலை 2,35,000 ஆனது அப்படித்தான். தானாகவே ஒரு குறையைக் காட்டி, தானாகவே விலையையும் குறைக்கிற ஆளை யார் சந்தேகப்படுவார்கள்? அந்த மவுண்டிங் உண்மையிலேயே போயிருந்தது என்பதுதான் இதில் அயோக்கியத்தனத்தின் உச்சம். 5,000 ரூபாய்க்கு ஓர் உண்மையைச் சொல்லி, மீதி அத்தனையையும் பொய்யாக விற்றுவிட்டார்.

எஞ்சினின் நான்கு சிலிண்டரிலும் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரெஷன் சோதனைத் தாள் ஒன்றைக் கொடுத்தார். எண்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அந்தத் தாளில் வண்டி எண்ணே இல்லை என்று பிற்பாடு வக்கீல்தான் காட்டினார். கடைக்காரர் ஆர்.சி.யையும் காட்டினார், 15 ஆண்டு முடிந்து 2023 நவம்பரில் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுத்து ஐந்தாண்டுக்குப் புதுப்பித்திருந்தது. காப்பீடு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும். பழைய வண்டிக்கு அது சாதாரணம். ஸ்பிரிங் மாற்றியிருக்கிறது, ட்ராக்குக்கு ஏற்ற பிரேக் பேட் போட்டிருக்கிறது, பிரேக் ஆயில் புதிது என்றார். ஓட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் ஓடியது. அன்றே பணம் அனுப்பினேன்.

இருங்காட்டுக்கோட்டையில் ட்ராக் டே. போட்டி கிடையாது, கட்டணம் கட்டி, தலா சில நிமிடங்கள் உள்ளே விடுவார்கள். அதற்கு முன் வண்டியைச் சோதிப்பார்கள். எனக்கு வாய்த்தவர் வயதானவர், அதிகம் பேசாதவர். பேட்டரி இறுக்கமாக இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தார். ஓட்டுநர் பக்க சீட் பெல்ட்டை இழுத்தார். எல்லோரும் இழுப்பது போல் மார்புவரை இழுத்து விட்டுவிடவில்லை. சுருளில் மிச்சம் இல்லாத அளவுக்கு, கடைசி முனைவரை உருவினார். முதல் பாதி கறுப்பு. அதற்கப்புறம் நேராகக் கோடு போட்டது போல ஒரு விளிம்பு, அதற்குக் கீழே முழுக்கப் பழுப்பு நிறம். நகத்தால் சுரண்டினார். மண் உதிர்ந்தது.

"வண்டி தண்ணீரில் நின்றிருக்கிறதே, தெரியுமா?" என்று கேட்டார்.

எனக்கு வாய் வரவில்லை. சக்கரத்தை ஆட்டிப் பார்க்க ஜாக்கி வைத்தார்கள். வண்டி எழும்பவில்லை. ஜாக்கிதான் கதவுகளுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டுக்குள் மெல்ல ஏறியது. அப்பளம் நொறுங்குகிற சத்தம். அடிப்பாகத்தில் கறுப்பாகப் பூசியிருந்த அண்டர்கோட்டிங் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழ, உள்ளே ஓட்டையை அடைக்கத் தடவியிருந்த பட்டியும் துருப்பொடியும் கொட்டின. பெரியவர் கையைத் துடைத்துக்கொண்டே என் தாளில் குறுக்கே ஒரு கோடு போட்டார். கட்டிய நுழைவுக் கட்டணமும் போனது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த ரன்னிங் போர்டை நம்பி முதல் வளைவுக்குள் வேகமாக நுழைந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா என்பது சந்தேகம்.

மறுநாள் தெரிந்த பட்டறையில் சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கினோம். அடியில் இருந்த பஞ்சு இன்னும் ஈரம். டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள கனெக்டர்களில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. 'ட்ராக் பேட்' என்றது சாதாரண பேட். 'புது' பிரேக் ஆயில் டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. ஸ்பிரிங் கம்பெனி ஸ்பிரிங், மேலே சிவப்புப் பெயின்ட் அடித்தது. பெயின்ட்! மெக்கானிக் சிரித்தே விட்டார். அவர் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

ஆர்.சி.யில் இருந்தது பள்ளிக்கரணை முகவரி. நேரில் போனேன். ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், நல்ல மனிதர். "மிக்ஜாம் புயலில் சீட்டுக்கு மேலே தண்ணீர் நின்றது தம்பி. வடியவே நாளாயிற்று. எஃப்.சி. எடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒருவர் வந்து, உதிரி பாகத்துக்குத்தான் உடைப்போம் என்று சொல்லி 35,000 கொடுத்து எடுத்துப்போனார். பெயர் மாற்றுவதற்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்" என்றார். எஃப்.சி. 2023 நவம்பர், வெள்ளம் 2023 டிசம்பர். காகிதம் சுத்தம், வண்டி குப்பை. 35,000 ரூபாய்க்குப் போன வண்டி, ஒரு டப்பா பெயின்ட்டும் கொஞ்சம் பட்டியும் சேர்ந்து 2,35,000 ரூபாயானது.

இனி கடையின் பதில்களைக் கேளுங்கள். முதல் நாள், "அண்ணன் வெளியூர் போயிருக்கிறார்." மறுநாளும் வெளியூர். அன்று மாலையே அதே அண்ணன் கடை வாசலில் நின்று ஒரு வண்டியோடு எடுத்த காணொளியைப் பதிவேற்றியிருந்தார். அதைச் சொன்ன பிறகு தொடர்பில் வந்தார். "15 வருட வண்டி என்றால் துரு இருக்கத்தான் செய்யும்" என்றார். பெல்ட்டின் படத்தை அனுப்பினேன். "நீங்களே ஓட்டிப் பார்த்துத்தானே எடுத்தீர்கள்?" பள்ளிக்கரணைப் பெரியவர் சொன்னதைச் சொன்னேன். சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ட்ராக்கில் ஓட்டினால் நாங்கள் பொறுப்பில்லை தம்பி, ரசீதில் பாருங்கள்" என்றார். ட்ராக்குக்கு என்று சொல்லி விற்ற வண்டி! அது ட்ராக்குக்குள் போகவே இல்லை, வாசலிலேயே உடைந்தது என்றேன். ரசீதின் அடியில் சின்ன எழுத்தில் 'உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது' என்று இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். கடைசியாகப் பெரிய மனது பண்ணி, "வேண்டுமானால் 60,000க்குத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்" என்றார். அப்படியானால் இதே வண்டியை அடுத்த தம்பிக்கு விற்பார். மறுத்தேன். அதன் பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

காவல் நிலையத்தில் "இது சிவில் விவகாரம்" என்று சொல்லிவிட்டு, வற்புறுத்திய பிறகு புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தார்கள். வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

அறிவுரை தருவதாகச் சொன்னேன் அல்லவா. அவசரமாகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். நான்கு பெல்ட்டையும் கடைசிவரை உருவிப் பாருங்கள். கழுவுகிறவர்கள் வெளியே தெரியும் பாதியைத்தான் கழுவுகிறார்கள். கார்ப்பெட்டுக்கு அடியில் கை விட்டு அழுத்துங்கள். அண்டர்கோட்டிங் புதிதாக அடித்த பழைய வண்டி என்றால் ஜாக்கி வைக்கும் இடத்தில் உண்மையிலேயே ஜாக்கி வைத்துத் தூக்கச் சொல்லுங்கள், தயங்கினால் கிளம்பிவிடுங்கள். ஆர்.சி.யில் பெயர் உள்ளவரிடம் பணம் கொடுப்பதற்கு முன் பேசுங்கள், வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் என்று வெள்ளம் சூழும் பகுதியாக இருந்தால் கட்டாயம் பேசுங்கள். முழுக் காப்பீடு இருந்த வண்டியானால் பழைய பாலிசிகளைக் கேட்டு, இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்குத் தரும் நோ கிளெய்ம் போனஸ் எந்த ஆண்டில் பூஜ்யமானது என்று பாருங்கள். விளம்பரத்தில் உள்ள ஒவ்வொரு வாக்குறுதியையும் ரசீதில் எழுதி வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் அல்ல. பிறகு இன்னொன்று: பந்தயத்திலும் வேகச் சோதனையிலும் நேரும் சேதத்துக்குச் சாதாரண மோட்டார் காப்பீடு பணம் தராது. டயர், பிரேக் ஆயில் பற்றியெல்லாம் எழுத நினைத்திருந்தேன். இப்போது முடியவில்லை.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. வண்டியைப் பழுது பார்க்காதீர்கள், விற்காதீர்கள், அதுதான் சாட்சி. என் வாசலில் அது தார்ப்பாய்க்குள் நிற்பதும் அதனால்தான்.

என் வக்கீல் அறிவிப்பு இந்த வாரம் போகிறது. 2,35,000 ரூபாயும், நுழைவுக் கட்டணமும், பட்டறைக் கூலியும் கேட்டிருக்கிறேன். எஞ்சின் மவுண்டிங்கைக் காட்டி 5,000 குறைத்துக் கொடுத்த கடை உங்களுக்கும் தெரியும் என்றால், உங்கள் ரசீதின் நகலோடு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். புகாரில் இரண்டு பெயர் இருந்தால் நல்லது என்கிறார் வக்கீல்.