குடியேற ஜார்ஜ் டவுனா, மலாக்காவா?

மலேசியாவில் இருக்கும் இந்த இரண்டு ஊரையும் சுற்றிப் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ‘இங்கேயே இருந்துவிட்டால் என்ன’ என்ற ஆசை வந்துவிடும். எனக்கும் வந்தது, ஜார்ஜ் டவுனில் வாடகைக்கு வீடு எடுத்தும் விட்டேன், அதனால் என் தராசு அந்த ஊர் இருக்கும் பினாங்குத் தீவின் பக்கம்தான் சாயும்.

அழகில் ஏற்றத்தாழ்வு பார்க்க முடியாது. யுனெஸ்கோவே 2008-இல் இரண்டையும் ஒரே பதிவாகத்தான் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வரலாறு என்று பார்த்தால் மலாக்காவுக்குத்தான் ஆழம் அதிகம்: 1511-இல் போர்த்துகீசியர், 1641-இல் டச்சுக்காரர், அப்புறம் ஆங்கிலேயர். அவர்களுக்கெல்லாம் முன்பே அங்கே வேரூன்றி, மலாய் பேசிக்கொண்டே சைவக் கோயிலை விடாமல் வைத்திருக்கும், தமிழ் வணிகர் வழிவந்த மலாக்கா செட்டிகளைப் பார்க்கவே ஒருமுறை போகலாம். ஜார்ஜ் டவுன் 1786-இல் ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் வந்த பிறகு எழுந்த ஊர்.

ஆனால் குடியிருக்கப் போகிறவனுக்கு வரலாற்றைவிட செவ்வாய்க்கிழமை காலை முக்கியம். கார் இல்லாமல் காய்கறி வாங்க முடியுமா, ஊரை விட்டு வெளியே போக முடியுமா? எனக்கு இதுதான் முடிவு செய்தது. ஜார்ஜ் டவுனில் சௌராஸ்தா சந்தைக்கு நடந்தே போகிறேன். வழியில் லெபோ பாசார் தெருக் கடைகளில் கறிவேப்பிலை, இட்லி அரிசி எல்லாம் தமிழிலேயே கேட்டு வாங்கலாம், ‘என்ன தம்பி, ஊருக்குப் போகலையா’ என்று கடைக்கார அண்ணன் விசாரிப்பார். பழைய நகருக்குள் இலவசப் பேருந்து ஓடுகிறது. ஃபெர்ரியில் எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் போய் இறங்கினால் பக்கத்திலேயே ரயில் நிலையம், அங்கிருந்து கோலாலம்பூருக்கு ஏறக்குறைய நாலு மணி நேரம். விமான நிலையமும் தீவிலேயே இருக்கிறது.

மலாக்கா ஊருக்குள் ரயில் கிடையாது, தம்பின் என்ற ஊர்ப் பக்கம் போய்த்தான் ஏற வேண்டும். பேருந்து நிலையமும் பழைய நகரிலிருந்து நடக்கும் தூரத்தில் இல்லை. வெள்ளி முதல் ஞாயிறு வரை ஜோங்கர் தெரு இரவுச் சந்தையில் கால் வைக்க இடமிருக்காது, வார நாளில் போனால் பல கடைகள் சாத்திக் கிடக்கும். இதெல்லாம் விருந்தாளியாகத் தங்கிப் பார்த்ததை வைத்துச் சொல்வது. கார் வைத்திருப்பவருக்கு அந்த அமைதியே பெரிய லாபமாக இருக்கலாம், வாடகையும் பொதுவாகக் குறைவு. தீவின் போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொள்ளும் மாலைகளில் எனக்கே மலாக்கா ஞாபகம் வரும்.

எந்த ஊரானாலும் பழைய கடைவீடு (கீழே கடை, மேலே வீடு) பார்க்கப் போனால் மழை நாளில் போங்கள். சுண்ணாம்புச் சுவர் மேல் சிமெண்ட் பூசியிருந்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயிண்ட் உப்பி உதிரும். பீரோவை நகர்த்தச் சொல்லி, பின்னால் இருக்கும் சுவரைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.