சொந்த ஆலையா, வெளி ஆலையா: இன்டெலும் ஏஎம்டியும் போன வழிகள்

சிப்பை வடிவமைக்கும் நிறுவனமே ஆலையையும் நடத்த வேண்டுமா, தைவானின் டிஎஸ்எம்சி போன்றவர்களிடம் கொடுத்துச் செய்து வாங்கினால் போதுமா? கணினிச் சிப் நிறுவனமான இன்டெல் ஆலையை விடவில்லை. அதன் போட்டியாளரான ஏஎம்டி 2009-இல் தன் ஆலைகளைப் பிரித்துவிட்டது. அந்த ஆலைகளை வைத்து, அபுதாபி பணத்தில் குளோபல்ஃபவுண்ட்ரீஸ் என்ற தனி நிறுவனம் உருவானது.

ஆலையை விட்டதும் ஏஎம்டி பிழைத்துக்கொண்டது என்று பலர் சொல்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஆலை போன பிறகும் ஒப்பந்தம் கழுத்தில் கிடந்தது: குறிப்பிட்ட அளவு வேஃபர்களை (சிப்புகள் உருவாகும் சிலிக்கான் வட்டுகளை) குளோபல்ஃபவுண்ட்ரீஸிடம்தான் வாங்க வேண்டும். 2012-இல் அந்தக் கட்டாயத்தைக் குறைக்க 32 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. 2016-இல் வேறு ஆலைகளுக்குப் போகும் உரிமைக்காக இன்னும் 10 கோடி. 2018-இல் குளோபல்ஃபவுண்ட்ரீஸ் 7 நானோமீட்டர் என்ற புதிய தயாரிப்பு முறைக்கான முயற்சியையே நிறுத்தியபோது (இந்த எண் சிறிதாகச் சிறிதாக முறை புதியது), ஏஎம்டியால் அந்த வேலையை முழுதாக டிஎஸ்எம்சி பக்கம் திருப்ப முடிந்தது அந்த உரிமையால்தான். அப்புறம் 2019-இல் செய்தது அருமையான வேலை. சிப்பைத் துண்டுகளாகப் பிரித்து, கணக்கிடும் பகுதியை மட்டும் புதிய 7 நானோமீட்டரில் செய்தது. உள்ளீடு, வெளியீட்டைக் கவனிக்கும் துண்டு பழைய குளோபல்ஃபவுண்ட்ரீஸ் ஆலையிலேயே தயாரானது.

இன்டெலின் 10 நானோமீட்டர் 2016 வாக்கில் வர வேண்டியது. பெரிய அளவில் வந்தது 2019-இல். தாமதத்தைவிட எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. புதிய வடிவமைப்புகள் அந்த ஆலை முறைக்கென்றே வரையப்பட்டிருந்தன. ஆலை தடுமாறியதும் அவையும் முடங்கின. 2015-இன் ஸ்கைலேக் வடிவமைப்பையே 2020 வரை மேசைக் கணினிகளுக்கு மெருகேற்றி விற்றார்கள். புதியதைப் பழைய 14 நானோமீட்டருக்கு மாற்றி வரைந்து முடிக்க 2021 ஆகிவிட்டது.

சரி, சொந்த ஆலையால் பயனே இல்லையா? இருக்கிறது. டிஎஸ்எம்சியில் ஆப்பிள் போன்ற பெரிய வாடிக்கையாளர்களோடு ஏஎம்டியும் வரிசையில் நிற்க வேண்டும். தைவானைச் சுற்றிப் பதற்றம் கூடினால் ஏஎம்டியின் உயர்தரச் சிப்புகளுக்கு உடனடி மாற்று கிடையாது. ஆனால் ஆலை விழுங்கும் பணமும் பெரிது: இன்டெலின் ஆலைப் பிரிவு 2023-இல் மட்டும் சுமார் 700 கோடி டாலர் இழந்தது.

கையில் பணம் குறைவான நிறுவனத்துக்கு நான் ஏஎம்டி வழியைத்தான் சொல்வேன். ஆனால் கட்டாயக் கொள்முதல் நிபந்தனையில் வெளியேற ஒரு வழி வைத்த பிறகே கையெழுத்து. ஆலையை வைத்திருப்பவர்கள் வடிவமைப்பை வேறு ஆலைக்கும் எடுத்துப் போகும்படி வரைய வேண்டும். 2024-இல் லூனார் லேக் சிப்பின் முக்கியத் துண்டுகளை டிஎஸ்எம்சியிடம் கொடுத்தபோது இன்டெலே அதைச் செய்தது.