எண்ணெய் போட மறப்பவருக்கு எந்தத் துப்பாக்கி?

மறைத்து எடுத்துச் செல்ல ஒரு கைத்துப்பாக்கி வேண்டும், நம்பி எடுக்கலாம் என்று இருக்க வேண்டும், அதே சமயம் அடிக்கடி கழற்றித் துடைத்து எண்ணெய் போடும் வேலையும் இருக்கக் கூடாது, எதை வாங்கலாம்? இப்படிக் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், சின்ன ரிவால்வர் (சுற்றும் உருளையில் தோட்டா போடும் கைத்துப்பாக்கி) ஒன்றை வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொள், அதோடு வேலை முடிந்தது என்பதுதான். இந்தப் பதில் பாதிதான் சரி. (லைசென்ஸ் எடுத்து, சட்டம் அனுமதிக்கிற இடத்தில் இருப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன், மற்றவர்கள் சும்மா படித்துவிட்டுப் போகலாம்.)

நான் ஒப்பிடப்போவது நான்கு துப்பாக்கிகளை. ரிவால்வரில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642, ரூகர் எல்சிஆர். பிஸ்டலில், அதாவது கைப்பிடிக்குள் செருகும் மேகசின் என்ற பெட்டியிலிருந்து தோட்டா ஏறும் வகையில், க்ளாக் 43எக்ஸ், சிக் சாவர் பி365. நான்குமே இந்த வேலைக்கென்றே செய்யப்பட்டவை, நான்குமே ஏராளமானவர்கள் இடுப்பில் இருப்பவை. மோசமான பொருள் என்று எதையும் ஒதுக்க முடியாது. ஆனால் பராமரிப்பு குறைவு என்கிற ஒரே சொல் ரிவால்வரில் ஒரு அர்த்தத்திலும் பிஸ்டலில் வேறு அர்த்தத்திலும் வருகிறது. அதைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கினால் தப்பான துப்பாக்கி கைக்கு வரும்.

முதலில் 642. அலுமினியக் கலவையில் உடல் சட்டகம், ஸ்டீல் சிலிண்டர் (அந்தச் சுற்றும் உருளை), ஐந்து தோட்டா, .38 ஸ்பெஷல் ரகம். தோட்டாவை அடிக்கும் சுத்தியான ஹேமர் உள்ளேயே மறைந்திருப்பதால் துணியில் மாட்டாது. எடை 400 கிராம் சுற்றித்தான், பேரல் (குழல்) இரண்டு அங்குலத்துக்கும் கொஞ்சம் குறைவு. 2009-ல் வந்த எல்சிஆர் கிட்டத்தட்ட அதே அளவு, இன்னும் கொஞ்சம் லேசு. ட்ரிகர் இருக்கும் கீழ்ப்பகுதியைப் பாலிமரில் செய்திருக்கிறார்கள், உள்ளே கேம் என்கிற வளைவான துண்டு ஒன்றை வைத்து ட்ரிகர் இழுவையை வழுக்கலாக்கியிருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இழுத்துப் பார்த்தால் வித்தியாசம் விரலுக்கே தெரியும். என் ஓட்டு எல்சிஆருக்கு, ஆனால் 642-க்குக் கிடைக்கிற கைப்பிடிகளும் ஹோல்ஸ்டர்களும் (துப்பாக்கி உறைகளும்) அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்த ரிவால்வர்களின் நிஜமான பலம், கவனிக்காமல் விட்டாலும் பொறுத்துக்கொள்வது. தோட்டாவைப் போட்டு மூடி வைத்துவிட்டால் உள்ளே அழுத்தத்தில் இருக்கும் மேகசின் ஸ்பிரிங் கிடையாது, பிஸ்டலின் மேல்பகுதி போல முன்னும் பின்னும் ஓட வேண்டிய ஸ்லைடு கிடையாது, எண்ணெய் காய்ந்துபோனாலும் முதல் ஐந்து தோட்டா வெடித்துவிடும். ஒரு தோட்டா வெடிக்கவில்லையா, இன்னொரு முறை ட்ரிகரை இழுத்தால் அடுத்த தோட்டா வந்து நிற்கும், யோசிக்க எதுவும் இல்லை. உடம்போடு ஒட்டி வைத்துச் சுட நேர்ந்தாலும் பிஸ்டலின் ஸ்லைடு போலத் துணியில் சிக்கி நிற்க ஒன்றுமில்லை. இதெல்லாம் உண்மை.

ஆனால் ரிவால்வர் சிக்கவே சிக்காது என்று சொல்பவர் அதை அதிகம் சுட்டவராக இருக்க மாட்டார். தோட்டாக் கூடுகளை வெளியே தள்ளும் நட்சத்திர வடிவத் தகடு இருக்கிறதே, அதற்கு அடியில் எரியாத வெடிமருந்துத் துகள் கொஞ்சம் போய் உட்கார்ந்தாலே போதும், சிலிண்டர் சரியாக மூடாது, மூடினாலும் சுற்றும்போது முரண்டு பிடிக்கும். அந்தத் தகட்டைத் தள்ளும் எஜெக்டர் கம்பியின் மரை தளர்ந்தால் சிலிண்டர் திறக்காது. துப்பாக்கி ரொம்ப லேசாக இருந்தால் உதைப்பில் மற்ற தோட்டாக்களின் குண்டு கூட்டிலிருந்து முன்னால் நகர்ந்து, சிலிண்டரையே பூட்டிவிடும். பிஸ்டல் சிக்கினால் மேகசினைத் தட்டி ஸ்லைடை இழுத்தால் பெரும்பாலும் ஓரிரு நொடியில் சரியாகிவிடும். ரிவால்வர் சிக்கினால் அந்த இடத்தில் செய்ய ஒன்றுமே இருக்காது. உள்ளே ஏதாவது தேய்ந்தால் நாமே மாற்றும் வேலையும் இல்லை, துப்பாக்கி மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். அதாவது அலட்சியத்தைத் தாங்கும், நிறையச் சுடுவதை அவ்வளவாகத் தாங்காது.

இதைவிடப் பெரிய விஷயம் ட்ரிகர். 642-ன் ட்ரிகரை இழுக்க 5 கிலோவுக்கு மேல் அழுத்தம் வேண்டும். துப்பாக்கியின் எடையோ 400 கிராம். பொருளின் எடையைப் போலப் பத்து மடங்குக்கும் மேலான விசையை ஒரு விரலால் கொடுக்கும்போது அது கையில் ஆடாமல் இருக்க நல்ல பயிற்சி வேண்டும். மேலே இருக்கும் குறிகாட்டி வெறும் காடி, இருட்டில் கண்ணுக்கே தெரியாது. இதோடு அழுத்தம் கூடுதலான ப்ளஸ் பி தோட்டாவைப் போட்டால் உள்ளங்கையில் அறை விழுந்த மாதிரி இருக்கும், ஒரு பெட்டி சுட்டபின் இன்னொரு பெட்டி சுட ஆசை வராது. பயிற்சியே செய்யாதவருக்கு என்று சிபாரிசு செய்யப்படும் துப்பாக்கிதான் அதிகப் பயிற்சி கேட்கும் துப்பாக்கியாக இருக்கிறது. கடைகளில் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் முதலில் எடுத்துக் காட்டுவது இதைத்தான், சின்னதாக இருக்கிறது, லேசாக இருக்கிறது, உங்களுக்கு வசதி என்று. விரலில் பலம் குறைந்தவருக்கு இதைவிட வசதியில்லாத ஒன்றைக் காட்ட முடியாது. ஸ்லைடை இழுக்கச் சிரமம் என்பதுதான் பிரச்சினை என்றால் 2018-ல் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் .380 ஷீல்ட் ஈஇசட் என்று ஒரு பிஸ்டல் இருக்கிறது, ஸ்லைடு சுலபமாக வரும், மேகசினில் எட்டு தோட்டா, உதைப்பும் குறைவு. அதை முதலில் கையில் எடுத்துப் பாருங்கள்.

சரி, பிஸ்டலுக்கு வருவோம். க்ளாக் 17-ஐ ஆஸ்திரிய ராணுவம் 1982-ல் தேர்ந்தெடுத்த காலத்திலிருந்து அந்தக் கம்பெனி அடிப்படை அமைப்பைப் பெரிதாக மாற்றவில்லை. சலிப்பான துப்பாக்கி, அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் இந்த வேலைக்குச் சலிப்புதான் வேண்டும். 43எக்ஸ் 2019-ல் வந்தது. 9 மி.மீ., மேகசினில் பத்து தோட்டா, எடை அரை கிலோ சுற்றி, ட்ரிகர் அழுத்தம் சுமார் இரண்டரை கிலோ. உடல் ஒல்லி, ஆனால் கைப்பிடி முழு நீளம் என்பதால் சுண்டு விரலுக்கும் இடம் இருக்கிறது. சுடும்போது கைக்குள் நிற்கிறது. கைப்பிடி நீளம் என்பதாலேயே சட்டைக்கு வெளியே துருத்திக்கொண்டு தெரியும் வாய்ப்பும் கொஞ்சம் கூடுதல்.

2018-ல் வந்த பி365 அந்த விஷயத்தில் கெட்டிக்காரத்தனம். அதைவிடக் குட்டி உடம்பில் அதே பத்து தோட்டாவை அடைத்துவிட்டார்கள், அதன் பிறகுதான் மற்றக் கம்பெனிகளெல்லாம் விழுந்தடித்துக்கொண்டு அந்த அளவில் துப்பாக்கி செய்ய ஆரம்பித்தன. பெரிய கை உள்ளவருக்குச் சுண்டு விரல் காற்றில் தொங்கும், அதுதான் குறை, 12 தோட்டா மேகசின் போட்டால் அது தீரும். இன்னொரு நல்ல விஷயம், கழற்றும் முன் ட்ரிகரை இழுக்க வேண்டியதில்லை. க்ளாக்கில் இழுத்தாக வேண்டும். சேம்பரில் (பேரலின் பின்பக்கத் தோட்டா அறையில்) தோட்டா இருப்பதைப் பார்க்காமல் துடைக்க உட்கார்ந்து சுவரில் ஓட்டை போட்டவர்கள் உலகத்தில் கணிசமாக உண்டு. மேகசினை எடு, ஸ்லைடை இழு, கண்ணால் பார், விரலாலும் தடவிப் பார், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

பராமரிப்பு என்று பார்த்தால் இரண்டும் நான்கு துண்டாகக் கழன்றுவிடும்: ஸ்லைடு, பேரல், பின்னால் போன ஸ்லைடை முன்னே தள்ளும் ரிகாயில் ஸ்பிரிங், கீழ்ச்சட்டகம். துடைத்து, ஸ்லைடு ஓடும் தடத்திலும் பேரல் உரசும் இடத்திலும் ஒரு சொட்டு எண்ணெய், திரும்ப மாட்டு. எண்ணெய் குறைவதைவிட அதிகமாவதுதான் ஆபத்து. இடுப்பில் நாள் முழுக்க இருக்கும் துப்பாக்கியில் துணிப் பிசிறு சேரும், அது எண்ணெயோடு கலந்து கூழாகி ஓட்டத்தை மந்தமாக்கும். தோட்டாவைக் குத்தும் ஊசியான ஸ்ட்ரைக்கர் ஓடும் குழிக்குள் எண்ணெயே விடக் கூடாது என்று க்ளாக் கையேடே சொல்கிறது. சும்மா வைத்திருக்கும் துப்பாக்கியைக் கூட மாதம் ஒரு முறை திறந்து பிசிறைத் தட்டிவிட்டால் போதும். துருதான் நிஜமான எதிரி, அதுவும் வியர்வை. ஸ்லைடின் மேல்பூச்சு நன்றாகத் தாங்கும், ஆனால் குறிகாட்டி, சின்ன ஊசிகள், திருகுகள் எல்லாம் அதே தரம் கிடையாது, அங்கேதான் பழுப்பு நிறம் முதலில் தெரியும். உடம்போடு ஒட்டி வைத்தால் 642-லும் இதே கதைதான்.

குட்டிப் பிஸ்டலுக்கு இரண்டு பலவீனம். ரிகாயில் ஸ்பிரிங் சின்னது என்பதால் பெரிய பிஸ்டலை விடச் சீக்கிரம் தளரும், கணக்கு வைத்து மாற்ற வேண்டும், நல்ல வேளையாக அதை நாமே மாற்றலாம். இரண்டாவது, மணிக்கட்டைத் தளர்வாகப் பிடித்துச் சுட்டால் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாமல் கூடு சிக்கிக்கொள்ளும். இது துப்பாக்கியின் குறை என்று திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பிடியைச் சரிசெய்தால் போய்விடும்.

தோட்டா விஷயத்தில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. அமெரிக்க எஃப்.பி.ஐ. அளவுகோல்படி, உடம்புச் சதைக்குப் பதிலாகச் சோதனைக்கு வைக்கும் ஜெலட்டினில் குண்டு 12 முதல் 18 அங்குலம் ஊடுருவ வேண்டும், இன்றைய நல்ல 9 மி.மீ. ஹாலோ பாயிண்ட் (நுனியில் குழி உள்ள, பட்டதும் விரியும் குண்டு) அதைச் செய்கிறது. இரண்டு அங்குல ரிவால்வரில் வேகம் குறைவு என்பதால் பல ஹாலோ பாயிண்ட் விரியவே விரியாது. குட்டிப் பேரலுக்கென்றே செய்த ஸ்பீர் கோல்ட் டாட் 135 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) மாதிரி ஒன்றைப் போடலாம், உதைப்பு தாங்கவில்லை என்றால் 148 கிரெய்ன் வாட்கட்டர் (தட்டை முனைக் குண்டு). பிஸ்டல்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: தினமும் தோட்டாவை எடுத்து மறுபடி அதையே சேம்பரில் ஏற்றிக்கொண்டிருந்தால் குண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுக்குள் அமுங்கும், அமுங்கினால் சுடும்போது அழுத்தம் எகிறும். புதுத் தோட்டா ஒன்றின் பக்கத்தில் வைத்து உயரம் பாருங்கள், குறைந்திருந்தால் தூக்கி ஒதுக்கிவிடுங்கள்.

ஹோல்ஸ்டர் இல்லாமல் இந்த நான்கில் எதையும் பாக்கெட்டில் போடக் கூடாது. ட்ரிகரை முழுதாக மூடும் கெட்டியான ஹோல்ஸ்டர், அந்தப் பாக்கெட்டில் சாவி, சில்லறை எதுவும் கிடையாது. பிஸ்டலைத் திரும்ப உள்ளே வைக்கும்போது சட்டை நுனி ட்ரிகருக்குள் மாட்டி வெடிப்பது நடக்கிற விஷயம், இந்த ஒரு இடத்தில் ரிவால்வரின் கனமான ட்ரிகர் வரம்தான். பயமாக இருந்தால் பி365-ஐ விரலால் தள்ளும் சேஃப்டியோடு வாங்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. இடுப்பில் இல்லாத நேரம் முழுக்கப் பூட்டிய பெட்டிக்குள், வீட்டில் குழந்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

என் முடிவு 43எக்ஸ். மாதத்தில் கொஞ்சமாவது சுடப் போகிறவர், ஸ்பிரிங்கை மாற்றிக்கொள்ளத் தயங்காதவர் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுக்கலாம், உடை மெல்லியது என்றால் பி365. எல்சிஆரை நான் சொல்வது, பிஸ்டல் பழகியவருக்கு இரண்டாவது துப்பாக்கியாக, அல்லது பாக்கெட்டைத் தவிர வேறு எங்கும் வைக்க வழியில்லாதவருக்கு. அவரும் காலித் துப்பாக்கியில், தோட்டாவே இல்லாத அறையில் உட்கார்ந்து தினமும் கொஞ்ச நேரம் ட்ரிகர் இழுத்துப் பழக வேண்டும். எதை வாங்கினாலும் இடுப்பில் வைக்கப்போகும் அதே தோட்டாவையும் சேர்த்து ஒரு 200 சுட்டு, ஒன்றும் சிக்காமல் போனபிறகு நம்புங்கள். பிஸ்டல் என்றால் வாங்கும் அன்றே கூடுதலாக இரண்டு மேகசினும் ஒரு ரிகாயில் ஸ்பிரிங்கும் சேர்த்து வாங்கிவிடுங்கள், சிக்கல் வரும்போது பெரும்பாலும் மேகசின்தான் காரணம், மாற்றிப் பார்க்கக் கையில் இன்னொன்று இருக்க வேண்டும்.