ரோட்ஸ் தீவில் ஒருநாள் வேன் சுற்றுலா: கமீரோஸுக்காகவே போகலாம்

கிரேக்க நாட்டின் ரோட்ஸ் தீவின் துறைமுகம், தொல்நகரங்கள், மலைக்கிராமம், கடற்கரை அனைத்தையும் ஒரே நாளில் காட்டுவதாகச் சொன்ன உள்ளூர் நிறுவனம் ஒன்றின் வேனில், முழங்கால் வலியுள்ள என் தாயாருடன் செப்டம்பரில் சென்று வந்தேன்.

மன்ட்ராக்கி துறைமுகத்தில் பயணம் தொடங்கியது. நுழைவாயிலின் இருபுறமும் தூண்கள்மேல் நிற்கும் மான் சிலைகளைக் காட்டிய வழிகாட்டி, சூரியக் கடவுள் ஹீலியோஸின் பேருருவச் சிலை இங்கே கால்களை அகட்டி நின்றதென்பது பிற்காலக் கற்பனை என்றும், கிமு 226 நிலநடுக்கத்தில் அது முழங்காலருகே முறிந்து விழுந்ததென்றும் விளக்கினார். கதையையும் வரலாற்றையும் பிரித்துச் சொல்லும் வழிகாட்டி அமைந்தது எங்கள் பேறு.

மேற்குக் கரையின் தொல்நகரமான கமீரோஸில் ஒன்றரை மணி நேரம் தந்தார்கள். கட்டணம் முழுவதும் அதற்கே தகும். மதிலே இல்லாத இந்நகரம் கடலை நோக்கிச் சரியும் குன்றில் படிப்படியாக இறங்குகிறது. உச்சியில் சுமார் 6 லட்சம் லிட்டர் கொள்ளும் நீர்த்தொட்டி, அதிலிருந்து கீழுள்ள வீடுகளுக்கு நீர் கொண்டுசென்ற சுடுமண் குழாய்கள், நடுவே நீளும் தெரு, அடிவாரத்தில் கோயில் என ஓர் ஊரின் அன்றாட வாழ்வு அப்படியே விரிந்து கிடக்கிறது. கிமு 408இல் லின்டோஸ், இயாலிசோஸ் நகரங்களுடன் சேர்ந்து புதிய ரோட்ஸ் நகரை உருவாக்கியதும் இவ்வூர்தான். அந்தத் தொட்டியின் விளிம்பில் நின்று கடலைப் பார்த்தபோது, கிளம்பவே மனம் வரவில்லை.

அத்தாவிரோஸ் மலையடிவார எம்போனாஸ் கிராமத்தில் திராட்சை மதுவைச் சுவைக்கவைத்து, விரைவில் கிளப்பிவிட்டார்கள்.

குறை கிழக்குக் கரையின் லின்டோஸில்தான். 116 மீட்டர் உயரக் கோட்டைக் குன்றுக்கு உச்சிவெயிலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஏறும் வழியில் நிழலே இல்லை. கழுதைகள் வாயில்வரைதான் செல்லும் என்பதையும், அதன்பின் செங்குத்தான படிகளில் நடந்தே ஏறவேண்டும் என்பதையும் முன்பே சொல்லியிருக்கவேண்டும். தாயார் கிராமத்து நிழலிலேயே தங்கிவிட்டார். கழுதையில் வாயில்வரை வந்திருந்தால், படிகளின் அடியில் பாறையில் செதுக்கிய கப்பலையாவது பார்த்திருப்பார் என்பது என் ஆற்றாமை. மேலே, இடைக்காலக் கிறித்தவப் படையினரான புனித யோவான் வீரர்கள் எழுப்பிய மதில்களுக்குள் கிரேக்கத் தெய்வம் அதீனாவின் கோயில் தூண்கள் கடலுக்கு மேல் நிற்கும் காட்சி, ஏறிவந்த களைப்பை ஆற்றிவிடுகிறது.

த்சம்பிகா கடற்கரையில் அரைமணி நேரமே கிடைத்தது. பொன்மணலில் கால் நனைக்க மட்டுமே அது போதும்.

இதே சுற்றைக் கிழக்குக் கரையிலிருந்து தொடங்கினால் லின்டோஸைக் காலைக் குளிர்ச்சியிலேயே ஏறிவிடலாம். முதியோருடன் செல்பவர்கள் முன்பதிவின்போதே இதைக் கேட்டுப் பாருங்கள்.