"லண்டனில் நாலு மணி நேர கனெக்‌ஷன்" என்று டிக்கெட் விற்றால் உஷார்

அக்கா இருப்பது ஜெர்மனியில், கொலோனில். அம்மாவை அங்கே அனுப்ப எங்கள் பகுதி டிராவல்ஸ் ஒன்றில் டிக்கெட் எடுத்தோம். மற்ற இடங்களைவிட விலை நன்றாகவே குறைவு. "லண்டன்ல மட்டும் மாறணும் சார், நாலு மணி நேரம் இருக்கு, ஆற அமர மாறலாம்" என்றார் டிராவல்ஸ்காரர். கொடுத்த தாளிலும் 'சென்னை – லண்டன் – கொலோன்' என்றுதான் இருந்தது.

சென்னை செக்-இன் கவுண்டரில்தான் விஷயம் வெளியே வந்தது. இறங்குவது ஹீத்ரோவில், அடுத்து ஏறுவது ஸ்டான்ஸ்டெட்டில். ஒன்று லண்டனுக்கு மேற்கே, மற்றது வடகிழக்கே. நேர்கோட்டில் அளந்தால் 65 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் சாலை ஊரைச் சுற்றும் எம்25 வழியாகப் போகிறது, 100 கிலோமீட்டருக்கு மேல். நெரிசல் இல்லாவிட்டாலே ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். எம்25-ல் நெரிசல் இல்லாத நேரம் எது என்று லண்டன்காரர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள். நேரடி ரயிலும் கிடையாது. இமிக்ரேஷன் வரிசை, பெட்டிக்குக் காத்திருப்பு, அப்புறம் பஸ், மறுபடி செக்யூரிட்டி. மலிவு விலை விமானங்கள் பலவற்றில் கிளம்ப 40 நிமிடம் இருக்கும்போதே பெட்டி வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். இதில் எங்கே ஆறுவது, எங்கே அமர்வது?

அம்மாவுக்கு அந்த ஓட்டம்கூட வாய்க்கவில்லை. கையில் இருந்தது ஷெங்கன் சுற்றுலா விசா மட்டும்; ஜெர்மனி உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான விசா அது, பிரிட்டன் அதில் சேராது. இந்திய பாஸ்போர்ட்டில் போகிறவர், சில விலக்குகள் தவிர, பிரிட்டனில் விமானம் மாறுவதற்கே டிரான்சிட் விசா எடுக்க வேண்டும். எல்லை தாண்டி வெளியே வந்து இன்னொரு விமான நிலையம் போவதென்றால் அதற்கு வேறு வகை. ஷெங்கன் சுற்றுலா விசா இரண்டுக்கும் உதவாது. விமானத்தில் ஏற்றவில்லை. கவுண்டரில் இருந்தவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

டிராவல்ஸ்காரரோ, "ரெண்டும் லண்டன்தானே சார், சிஸ்டம் அப்படித்தான் காட்டுது" என்கிறார். ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன் எல்லாவற்றுக்கும் எல்ஓஎன் என்று ஒரே நகரக் குறியீடு இருப்பது உண்மைதான். அதைப் பிரித்துச் சொல்லத்தானே சர்வீஸ் சார்ஜ் வாங்குகிறார்? அதோடு, அவர் விற்றது ஒரே டிக்கெட்டும் இல்லை. தனித்தனி பிஎன்ஆர் (முன்பதிவு எண்) உள்ள இரண்டு டிக்கெட்டை ஒட்டி ஒன்றாகக் காட்டியிருக்கிறார். ஒரே டிக்கெட்டாக இருந்து, முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் விமான நிறுவனம் வேறு விமானத்தில் அனுப்பும். இதில் அந்தப் பொறுப்பு யாருக்கும் இல்லை.

பணம் கொடுக்கும் முன் ஊர்ப் பெயரை விட்டுவிட்டு மூன்றெழுத்து விமான நிலையக் குறியீட்டைப் பாருங்கள். இறங்குவதும் ஏறுவதும் எல்ஹெச்ஆர் (ஹீத்ரோ) என்றே இருக்கிறதா, ஒன்று எஸ்டிஎன் (ஸ்டான்ஸ்டெட்) என்று இருக்கிறதா? டோக்கியோவில் நரிட்டா, ஹனெடா என்ற இரண்டு விமான நிலையங்களிலும் இதே கதைதான். 'ஃப்ராங்க்ஃபர்ட் ஹான்' என்பதோ ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

அம்மா பிறகு துபாய் வழியாக டூசல்டார்ஃப் போய் இறங்கினார். கொலோன் அங்கிருந்து 40 கிலோமீட்டர்தான். பழைய டிக்கெட்டில் வரித்தொகை மட்டும் திரும்ப வரும் என்கிறார்கள். வாட்ஸ்அப் பேச்சு, அந்தத் தாள், ரசீது எல்லாம் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது.