திரொட்டில் கேபிளை ஓடிப் பாத்து செற் பண்ணுறதோ, கேஜ் வச்சு செற் பண்ணுறதோ?

ஓட்டோ கியர்பொக்ஸைக் கழட்டி கிளட்ச் பிளேட், சீல் எல்லாம் மாத்திப் பூட்டின பிறகு திரொட்டில் கேபிளை, அதாவது அக்சிலேட்டர் எவ்வளவு மிதிபடுதெண்டு பொக்ஸுக்குச் சொல்லுற கம்பியை, செற் பண்ண மூண்டு வழி இருக்கு. ஸ்டொப்பரை (கேபிளில நசுக்கி வச்சிருக்கிற சின்ன உலோகத் துண்டு) பாத்து வைக்கலாம், ஓடிப் பாத்து வைக்கலாம், இல்லாட்டி ஒயில் பிரஷர் கேஜ் பூட்டி அளக்கலாம். நான் இப்ப கேஜ் பக்கம்தான், அதுக்குக் காரணம் எங்கட சொந்த வான்.

ஸ்டொப்பர் வழி லேசு. ஒராள் அக்சிலேட்டரை முழுக்க மிதிச்சிருக்க, கேபிள் ரப்பர் நுனிக்கும் ஸ்டொப்பருக்கும் இடையில 0–1 மில்லிமீற்றர் இருந்தாச் சரி, டொயோட்டாக் கணக்கு அதுதான். புதுக் கேபிள் எண்டா ஸ்டொப்பரை நாங்களே கேபிளில நசுக்கிப் பொருத்த வேணும், அங்க பிழைச்சா எல்லாம் பிழைச்சுது.

ஓடிப் பாக்கிறதுதான் இங்க கனபேர் செய்யிறது. எங்கட வானையும் அப்பிடித்தான் செய்து தந்தவை. கிளிநொச்சியில இருந்து மாங்குளம் மட்டும் வெறும் வானை ஏ9 ல ஓடிப் பாத்தம், கியர் பூப்போல மாறிச்சு, எனக்கு நல்ல சந்தோசம். ஆனா அந்த மெதுமைதான் பிழையே. கேபிள் தொய்ஞ்சு கிடந்தா திரொட்டில் பிரஷர் (கேபிள் இழுபடுற அளவுக்கு ஏறுற ஒயில் பிரஷர்) குறையும், அதோட பொக்ஸின்ர முக்கிய ஒயில் பிரஷரான லைன் பிரஷரும் இறங்கும், பிறகு கிளட்ச் பிளேட்டை இறுக்கிப் பிடிக்க ஒயிலுக்குப் பலம் காணாது. எங்கட வன்னி தட்டை நிலம், வெறும் வான் ஓடேக்க இது தெரியவே தெரியாது. மாசியில மாத்தளை அம்மன் கோயிலுக்கு ஆக்களையும் சாமானையும் ஏத்திக்கொண்டு போய் அப்பிடியே கண்டிப் பக்கம் ஏறேக்கதான் வழுக்கத் தொடங்கிச்சு, திரும்பி வந்து பாத்தா ஒயில் கறுத்து கருகின மணம், புதுப் பிளேட் அவ்வளவும் எரிஞ்சு போச்சு. டொயோட்டா ஏ340இ மாதிரி கொம்பியூட்டர் பொக்ஸ் எண்டா இன்னும் மோசம், அதில கியர் எப்ப மாறுறதெண்டு கொம்பியூட்டர்தான் முடிவெடுக்கும், கேபிளின்ர வேலை ஒயில் பிரஷரைக் கூட்டிக் குறைக்கிறது மட்டும்தான், மாறுற நேரத்தை வச்சு கேபிளை செற் பண்ணுறதில அர்த்தமே இல்லை.

ரெண்டாந்தரம் கேஜ் வச்சம். 300 பிஎஸ்ஐ வரைக்கும் காட்டுறது வேணும், ரிவர்ஸில பிரஷர் நல்லா ஏறும். ஒயில் 50–80 பாகை சூட்டில இருக்க வேணும், சில்லுக்குக் கட்டை போட்டு, ஹான்ட் பிரேக் இழுத்து, கால் பிரேக்கையும் மிதிச்சுக்கொண்டு டியிலயும் (முன் கியர்) ஆரிலயும் (ரிவர்ஸ்) ஐடிலிங்ல ஒருக்கா, முழு அக்சிலேட்டரில ஒருக்கா எடுத்து அந்தப் பொக்ஸின்ர மனுவலோட ஒப்பிடுங்கோ. முழு அக்சிலேட்டரில 5 செக்கனுக்கு மேல தயவுசெய்து பிடிக்காதேங்கோ, ஒயில் கொதிச்சுப் போகும். எல்லாத்திலயும் குறைவா நிண்டா முதல் கேபிளைப் பாருங்கோ, கேபிள் சரியெண்டா பம்ப், ரெகுலேட்டர் வால்வு.

வால்வு பொடியை (பொக்ஸுக்குள்ள வால்வுகள் எல்லாம் இருக்கிற பாகம்) கழட்டினா திரொட்டில் வால்வில இருக்கிற சின்ன றிங்குகளை எண்ணி வச்சு அதே எண்ணிக்கையில திருப்பிப் போடுங்கோ, அது மாறினாலும் பிரஷர் மாறும். நான் பாத்தது டொயோட்டா மட்டும்தான், வேற கொம்பனிப் பொக்ஸுக்கு இதை அப்பிடியே எடுக்காதேங்கோ. கேஜுக்குக் குடுத்த காசு ஒரு செற் பிளேட் விலைக்குக் கிட்டவும் வரேல்ல.