ஹிலோவா, கோனாவா? ஹவாய்ப் பெருந்தீவில் குடும்பத்தோடு தங்க ஏற்ற கரை எது?

ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் இன்றும் தீக்கக்கிக்கொண்டிருப்பது பெருந்தீவு ஒன்றுதான். மற்ற ஹவாய்த் தீவுகள் அனைத்தையும் சேர்த்து இதற்குள் வைத்தாலும் இடம் மிஞ்சும். பரப்பளவு 10,400 சதுர கிலோமீட்டருக்கும் மேல். அதனால் அங்கே போவதென்று முடிவு செய்தவர்கள் விடுதியைத் தேடுவதற்கு முன்பே, கிழக்குக் கரையின் ஹிலோவா மேற்குக் கரையின் கோனாவா என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2025-இல் நானும் கணவரும், ஒன்பது வயதிலும் ஐந்து வயதிலும் இருந்த எங்கள் பிள்ளைகளும், எழுபதைத் தாண்டிய என் அம்மாவுமாகப் போனோம். பலரும் சொன்னதைக் கேட்டு எட்டு இரவுகளையும் முதலில் கோனாவில் பதிவு செய்துவிட்டு, பிறகு மனம் மாறி ஐந்து இரவுகளை ஹிலோவுக்கும் மூன்றைக் கோனாவுக்கும் பிரித்துக்கொண்டோம். என் சாய்வு ஹிலோ பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

யாரும் எளிதில் தெரிந்துகொள்ளக்கூடியவற்றை முதலில் முடித்துவிடலாம். வடகிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று, 4,000 மீட்டரைத் தாண்டி நிற்கும் மௌனா கியா, மௌனா லோவா மலைகளில் மோதித் தன் ஈரத்தைக் கிழக்கே இறக்கிவிடுகிறது. ஆகவே ஹிலோவில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்ய, கோனா மழைமறைவில் காய்கிறது. வெண்மணல் கடற்கரைகளும் பெரிய சொகுசு விடுதிகளும் அமெரிக்கப் பெருநிலத்திலிருந்து வரும் நேரடி விமானங்களில் பெரும்பாலானவையும் மேற்குக் கரைக்கே உரியவை. விடுமுறை என்றால் கடலும் வெயிலும்தான் என்று எண்ணும் குடும்பத்துக்கு இதற்கு மேல் ஒப்பீடே தேவையில்லை. அவர்கள் கோனாவுக்குப் போகலாம்.

எரிமலையைப் பார்க்கவேண்டும் என்பதற்காகவே இந்தத் தீவைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குக் கணக்கு வேறு. கிலாவேயா எரிமலையை உள்ளடக்கிய தேசியப் பூங்கா ஹிலோவிலிருந்து 48 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது; முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். கோனா கரையின் முக்கிய ஊரான கைலுவா-கோனாவிலிருந்தோ அது 150 கிலோமீட்டருக்கு மேல். இரண்டு மணி முதல் இரண்டரை மணி நேரம் ஆகும். திட்டமிடும்போது இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிவதில்லை. ஒரு நாள் காலையில் கிளம்பி, எரிமலையைப் பார்த்துவிட்டு, இரவில் திரும்பிவிடலாம் என்றுதான் நாங்களும் முதலில் நினைத்தோம். எரிமலை நாம் குறித்த நாளில் விழித்திருக்கும் என்று அந்தத் திட்டம் தன்னையறியாமல் எடுத்துக்கொள்கிறது என்பது, கிலாவேயாவின் அண்மைக்கால நடத்தையைப் படித்த பிறகே எனக்கு உறைத்தது.

2018-இல் மே முதல் ஆகஸ்டு வரை எரிகுழம்பு மலையுச்சியிலிருந்து வெகுதூரம் கிழக்கே நிலத்தைப் பிளந்துகொண்டு வெளியேறி, எழுநூறுக்கும் மேற்பட்ட வீடுகளை அழித்தது. உச்சியோ உள்வாங்கிச் சரிந்தது. பூங்கா நான்கு மாதங்களுக்கு மேல் மூடப்பட்டிருந்தது. அதற்குப் பின் வெடிப்புகள் பெரும்பாலும் உச்சியிலுள்ள ஹலேமாவுமாவு பள்ளத்துக்குள்ளேயே நிகழ்ந்ததால், பார்வையாளர்கள் விளிம்பில் நின்று பார்க்க வழி பிறந்தது. 2024 டிசம்பர் 23 அன்று தொடங்கிய வெடிப்பு தொடர்ச்சியானதாக இல்லாமல் தவணை தவணையாக நடந்தது. எரிகுழம்பு ஊற்றாகப் பீறிடும்போது சில தடவைகளில் 300 மீட்டருக்கு மேல் எழும்பியது. ஆனால் பல தடவை ஒரு நாளைக்கூடத் தாண்டாமல் திடீரென்று நின்றுவிட்டது. இரண்டு தவணைகளுக்கு நடுவே சில நாட்களோ சில வாரங்களோ வெறும் புகைதான். 1912-இல் நிறுவப்பட்ட ஹவாய் எரிமலை ஆய்வகம், அடியில் எரிகுழம்பு மீண்டும் நிரம்ப நிரம்ப நிலத்தின் சாய்வு எவ்வளவு மீண்டிருக்கிறது என்பதை அளந்து, அடுத்த பீறிடல் இந்த நாளுக்கும் அந்த நாளுக்கும் இடையில் வரக்கூடும் என்று கணித்து வெளியிடுகிறது. அதுவும் ஓர் இடைவெளியைத்தான் சொல்லுமே தவிர மணியைச் சொல்லாது.

முதல் இரண்டு மாலைகளிலும் நாங்கள் விளிம்புக்குப் போய் நீராவியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினோம். மூன்றாம் நாள் இரவு இரண்டரை மணியளவில் கணவர் ஆய்வகத்தின் நேரலைக் கேமராவைக் கைப்பேசியில் திறந்து பார்த்தபோது திரை முழுவதும் செக்கச்செவேலென்று இருந்தது. தூங்கும் பிள்ளைகளைப் போர்வையோடு தூக்கிக் காரில் கிடத்தினோம். அம்மாவிடம், "நீங்கள் இருங்கள் அம்மா, குளிராக இருக்கும்" என்றேன்; அவர், "நான் மட்டும் தூங்குவதற்கா இவ்வளவு தூரம் வந்தேன்?" என்று சால்வையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். பூங்கா இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருப்பதால் மூன்றரை மணிக்கெல்லாம் விளிம்பில் நின்றோம். அந்த நேரத்தில் வண்டி நிறுத்தவும் சிரமமில்லை. அந்த ஊற்றின் இரைச்சலை, பெரிய அருவி ஒன்றைப் பக்கத்தில் நின்று கேட்பது போலிருந்தது என்றுதான் என்னால் சொல்லமுடிகிறது. அன்று நண்பகலுக்குள் எல்லாம் அடங்கிவிட்டது.

இதே செய்தி கோனாவில் எங்களை எழுப்பியிருந்தால் என்ன செய்திருப்போம் என்று நேர்மையாக எண்ணிப் பார்த்தேன். பழக்கமில்லாத வளைவுச் சாலையில், நள்ளிரவில், இரண்டரை மணி நேரம் பிள்ளைகளோடும் வயதானவரோடும் வண்டி ஓட்ட நான் சம்மதித்திருக்கமாட்டேன். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் சொல்லியிருப்பேன். பகலில் பார்த்தாலும் அது காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் இருளில் பள்ளமும் மேகமும் ஒருசேரச் சிவந்து நிற்பதைப் பகல் தராது. நுழைவுக் கட்டணமும் இந்தக் கணக்குக்கு ஒத்துழைக்கிறது: ஒரு காருக்கு 30 டாலர் கட்டினால் ஏழு நாட்கள் எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம். ஹிலோவிலிருந்து நாங்கள் நான்கு தடவை போனோம். கோனாவிலிருந்து ஒவ்வொரு தடவையும் போய்வர 300 கிலோமீட்டர் என்றால், இரண்டாம் தடவை போகும் குடும்பங்கள் குறைவாகத்தான் இருக்கும்.

நாங்கள் இருந்த நாட்களில் எரிமலை வாய் திறக்காமலே இருந்திருந்தால் இந்த வாதத்தின் பாதி வலு போயிருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் பூங்காவுக்கு ஒரு நாள் போதாது என்றே நினைக்கிறேன். 1959-இல் எரிகுழம்பு 580 மீட்டர் உயரம் பீறிட்ட கிலாவேயா இக்கி பள்ளத்தின் இறுகிய தரையில் நடந்து கடக்கும் பாதை ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஒன்பது வயதுப் பிள்ளை உற்சாகமாக நடந்தது, ஐந்து வயதுப் பிள்ளையைப் பாதி தூரம் சுமந்தோம். நாஹுகு எரிகுழம்புக் குகை அம்மாவுக்கும் எளிதாக இருந்தது. கடலை நோக்கி ஏறத்தாழ 30 கிலோமீட்டர் இறங்கும், எரிமலைப் பள்ளங்களை ஒட்டிச் செல்லும் 'செயின் ஆஃப் கிரேட்டர்ஸ்' சாலையில் பெட்ரோலோ உணவோ கிடைக்காது என்பதால், அதற்கென ஒரு பகலை ஒதுக்குவது நல்லது. உச்சி சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருப்பதால் கடலோர உடையோடு போனால் நடுங்க வேண்டிவரும்.

ஹிலோவின் மழையைப் பற்றி நான் பயந்த அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. பெரும்பாலும் இரவிலும் விடியலிலும் பெய்து பகலில் விட்டுக்கொடுத்தது. ஐந்து நாள் அனுபவத்தை வைத்து இதைப் பொதுவிதியாக்க மாட்டேன். மழைநாளில் பார்க்க 135 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அகாகா அருவி இருக்கிறது. மழை வலுத்தால் அருவியும் வலுக்கும். 1946-லும் 1960-லும் ஆழிப்பேரலை ஊருக்குள் புகுந்ததால், விரிகுடாவை ஒட்டிய நிலத்தைக் கட்டடமில்லாத பூங்காக்களாகவே விட்டிருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் கால் நனைக்க, பாறைகள் அலையைத் தடுக்கும் ஒனேகஹாகஹா கடற்கரையின் ஆழமற்ற குளம் போதுமானதாக இருந்தது.

கோனாவுக்கு உரியதைக் கோனாவுக்குக் கொடுக்கவேண்டும். ஹபுனா கடற்கரையின் மணலுக்கு ஈடாக ஹிலோ பக்கம் எதுவுமில்லை. கஹலூ விரிகுடாவில் முகமூடி அணிந்து தண்ணீருக்குள் முகத்தை வைத்தாலே மீன்கள் தெரிந்தன. விமான நிலையமே 1801-இல் ஹுவலாலாய் எரிமலை கக்கிய குழம்பின் மேல் அமைந்திருப்பதால், இறங்கியதும் கரும்பாறைவெளியைப் பார்த்துச் சிலர் ஏமாறுகிறார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் கடல் விளையாட்டுகளில் எங்கள் அனுபவம் மூன்று நாட்களோடு சரி. மான்டா திருக்கைகளைப் பார்க்கும் இரவுப் படகுப் பயணத்துக்கு நாங்கள் போகவில்லை; குளிர்கால அலைகள் எப்படியிருக்கும் என்பதையும் நான் பார்த்ததில்லை. இன்னொன்று: வெடிப்பு நடக்கும்போது வியாபாரக் காற்று எரிமலையின் கந்தகப் புகையைத் தென்மேற்காகத் தள்ள, அது தீவைச் சுற்றிக் கோனா மேல் மூட்டமாகத் தங்குவதுண்டு. ஆஸ்துமா உள்ளவர்கள், எரிமலைக்குத் தொலைவில் இருப்பதால் கோனாவே பாதுகாப்பு என்று எண்ணிவிடக் கூடாது. காற்று திரும்பினால் ஹிலோவும் இதற்கு விலக்கல்ல.

பூங்கா வாசலிலேயே இருக்கும் வால்கனோ கிராமத்தில் தங்குவது மூன்றாவது வழி. என் வாதத்தின்படி அதுதான் முதலிடம் பெற வேண்டும். ஆனால் அங்கே குளிரும் ஈரமும் அதிகம், இரவு உணவுக்கு வழிகள் குறைவு, கடலும் தள்ளியிருக்கிறது. பிள்ளைகள் இல்லாமல் இருவராகப் போனால் அதைத்தான் எடுத்திருப்போம்.

இரு கரைகளையும் பிரித்துக்கொள்பவர்கள் ஹிலோவை முதலில் வைத்துக்கொள்வது நல்லது. அங்கிருந்து கிளம்பும்வரை எரிமலை உறங்கினால், கோனாவிலிருந்து ஒரே ஒரு நீண்ட பயணத்தை மாற்று வழியாகக் கையில் வைத்திருக்கலாம். நாங்கள் ஹொனலூலு வழியாக ஹிலோவில் இறங்கிக் கோனாவிலிருந்து விமானம் ஏறினோம். வாடகைக் காரை எடுத்த விமான நிலையத்தில் விடாமல் மறுகரையில் விட்டதற்குத் தனிக் கட்டணம் வாங்கினார்கள். பதிவு செய்யும்போதே அதைக் கேட்டிருக்க வேண்டும், கேட்காமல் விட்டுவிட்டோம்.